வருஷத்தின் ஐந்தொகை

டிசம்பர் மாதத்தின் கடைசி வாரத்தில் பெருங்குடிக்கு ஓர் அபூர்வமான ஓய்வு வாய்க்கிறது. கடல் கடந்த தேசங்களில் உள்ள வாடிக்கையாளர்கள் கிறிஸ்துமஸ் விடுமுறையில் போய்விடுவதால், ராஜீவ் காந்தி சாலையின் இரு மருங்கிலும் எழுந்து நிற்கும் கண்ணாடி மாளிகைகளில் நாற்காலிகள் பல காலியாகி, எஞ்சியிருக்கும் உத்தியோகஸ்தர்கள் அவசரமின்றி டீக்கடைக்கு இறங்கி வந்து, வருஷம் போன வேகத்தைப் பற்றி வியந்து பேசிக்கொண்டு நிற்பதை அந்த நாட்களில் காணலாம். ஏரியும் வயலுமாகக் கிடந்து, பேரூராட்சியாகி, 2011ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட இந்த ஊருக்கு முன்பெல்லாம் வருஷம் சித்திரையில் பிறந்து பங்குனியில் முடிந்தது. இப்போது அது காலாண்டுகளாக நான்கு துண்டாகி, டாலர் கணக்கில் ஓடுகிறது. அந்த ஓட்டம் சற்றே நிதானிக்கும் ஒரு வாரத்தில்தான், கழிந்த வருஷத்தைத் திரும்பிப் பார்க்கும் ஆசையும், வரப்போகும் வருஷத்துக்குப் பிரதிக்ஞை செய்துகொள்ளும் ஆசையும் சேர்ந்தே பிறக்கின்றன.

அந்தப் பிரதிக்ஞைகளைக் காது கொடுத்துக் கேட்டால் எல்லாம் ஒரே சாயலாகத்தான் இருக்கின்றன. ஒருவர் ஜனவரி முதல் தேதி தொட்டு உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகப் போகிறார். ஒருவர் சர்க்கரையைத் துறக்கப் போகிறார். இன்னொருவர் இரவு பத்து மணிக்கு மேல் கைப்பேசியைத் தொடுவதில்லை என்று மனைவியின் முன்னிலையிலேயே சொல்லிவிடுகிறார். இவற்றோடு, டைரி எழுதுவது என்ற புராதனமான பிரதிக்ஞை இன்னும் பலரிடம் உயிரோடிருக்கிறது. ஆடிப்பெருக்கன்றே ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் பிடிக்கத் தொடங்கிவிடும் சிவகாசி அச்சகத்தார் புண்ணியத்தில், தியாகராய நகரின் நகைக்கடைக் காலண்டரும் அலுவலகத்தார் கொடுக்கும் டைரியும் மார்கழி முடிவதற்குள் வீடு தேடி வந்துவிடுகின்றன அல்லவா?

எங்கள் குடியிருப்பில் உள்ள ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், பரணை ஒழித்தபோது கிடைத்த தம் பழைய டைரிகளை ஒருநாள் சிரித்துக்கொண்டே என்னிடம் காட்டினார். ஒவ்வொன்றிலும் ஜனவரி முதல் தேதிப் பக்கம் பிள்ளையார் சுழியோடும் முத்துக் கோத்தாற்போன்ற எழுத்தோடும் மங்களகரமாகத் தொடங்குகிறது. நாலைந்து தினங்கள் பக்கம் நிறைய எழுத்து. போகிக்கு முன் இரண்டு வரி. பொங்கலுக்குப் பிறகு ஆத்ம விசாரம் அடியோடு நின்றுபோகிறது. ஆனால் டைரி நின்றுவிடவில்லை. மார்ச்சில் காஸ் சிலிண்டர் பதிவு செய்த தேதி, ஜூனில் பேரனுக்குக் கட்டிய பள்ளிக் கட்டணம், மாதக் கடைசிதோறும் பால் கணக்கு, ஐப்பசி மழையில் ஒழுகிய மாடிக்குப் பூசிய சிமெண்டின் விலை என்று டிசம்பர் முப்பத்தொன்று வரையில் ஏதோ ஒன்று எழுதப்பட்டுக்கொண்டே வந்திருக்கிறது. பிரதிக்ஞை எழுதிய பேனா பொங்கலோடு ஓய்ந்துபோயிற்று. கணக்கு எழுதிய பேனா ஓயவே இல்லை. புதுவருஷ சங்கற்பங்கள் ஏன் நிலைப்பதில்லை என்பதற்கு மனவுறுதியின் குறைவைக் காரணமாகச் சொல்லும் உபந்நியாசங்களை எத்தனையோ கேட்டாயிற்று. எனக்கு என்னவோ அந்த டைரிகள் சொல்லும் காரணமே சரியென்று படுகிறது. கணக்குப் பாராமல் செய்த சங்கற்பத்துக்கு நிற்க இடமில்லை.

கணக்குப் பார்ப்பது நமக்குத் தெரியாத வித்தையுமன்று. இதே பெருங்குடியில், வருஷம் ஒருமுறை அலுவலகத்துக்கு ‘அப்ரைசல்’ எழுதிக் கொடுக்கும் இளைஞர், தாம் செய்த வேலை இன்னது, செய்யாமல் விட்டது இன்னது, அதற்குக் காரணம் இன்னது என்று வரி வரியாக யோசித்து, தமக்குத் தாமே மதிப்பெண்ணும் போட்டுக்கொள்கிறார். மேலதிகாரிக்குக் காட்டும் அந்தச் சிரத்தையில் பத்தில் ஒரு பங்கைத் தம் வயிற்றுக்கும் தூக்கத்துக்கும் வீட்டாருக்கும் காட்டியிருந்தால் டிசம்பரில் இவ்வளவு பெருமூச்சுக்கு அவசியம் இருந்திராது.

தமிழ் வணிக மரபில் இதற்கென்று ஓர் ஒழுங்கு இருந்தது. அன்றன்றைய வரவு செலவைப் பதிவது ஓர் ஏடு. அதிலிருந்து ஆள்வாரியாகப் பிரித்து ஏற்றுவது பேரேடு. முடிவில் கொடுக்க வேண்டியது, வரவேண்டியது, கையில் நிற்பது எல்லாவற்றையும் ஒரே தாளில் எதிரெதிராக நிறுத்திப் பார்ப்பது ஐந்தொகை. பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார், தம் ஏஜெண்டுகளை மூன்று வருஷ கெடுவுக்கு அனுப்பி, கெடு முடிந்ததும் கணக்கை ஒப்புவிக்கச் செய்து, அதன் பிறகே மேற்கொண்டு ஆகவேண்டியதைத் தீர்மானித்தார்கள். ஐந்தொகை எடுக்காமல் புதுக்கணக்குப் போடுவதை அந்தக் கடைகளில் எவரும் நினைத்துக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள். புதுக்கணக்கின் முதல் பக்கத்துக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் இடுவது பூஜை. பழைய ஏட்டின் கடைசிப் பக்கத்தில் கூட்டல் சரியாக இருக்கவேண்டும் என்பது நியமம். நாமோ மஞ்சளையும் குங்குமத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு கூட்டலை விட்டுவிட்டோம்.

தமிழில் டைரி எழுதியவர்களில் முதன்மையானவரும் ஒரு வணிகரே என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். சென்னைப் பெரம்பூரில் 1709ஆம் ஆண்டில் பிறந்து, புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக உயர்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கி, 1761 ஜனவரியில் தாம் கண்மூடும் காலம் வரையில், கால் நூற்றாண்டு, கப்பல் வந்ததையும் சரக்கின் விலையையும் நாள் நட்சத்திரத்தையும் ஊர் வம்பையும் யுத்தத்தையும் ஒரே ஏட்டில் எழுதி வைத்துவிட்டுப் போனார். 1746ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் சென்னைப் பட்டணத்தைப் பிடித்த வரலாற்றை எழுதுவோர் இன்றைக்கும் அந்தத் துபாஷியின் ஏட்டைத் தேடித்தான் வரவேண்டியிருக்கிறது. நாளை முதல் நான் உத்தமனாகப் போகிறேன் என்று எழுதுவதற்காக அவர் ஏட்டைத் திறக்கவில்லை. இன்று நடந்தது இது என்று எழுதுவதற்காகத் திறந்தார். இருபத்தைந்து வருஷம் அந்த ஏடு நீண்டதன் ரகசியம் அதுவாகவே இருக்கவேண்டும்.

தனி மனிதர்களைப் போலவே தேசங்களும் டிசம்பர் மாதத்தில் தீர்மானம் செய்துகொள்வது உண்டு. அப்படி இரண்டு தீர்மானங்கள் இந்தச் சென்னை நகரத்திலேயே ஒரே டிசம்பரில் பிறந்தன. 1927ஆம் ஆண்டின் கடைசியில் டாக்டர் அன்ஸாரியின் தலைமையில் இங்கே காங்கிரஸ் மகாசபை கூடியபோது, ஐரோப்பாவிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த ஜவாஹர்லால் நேரு, பூரண சுதந்திரமே இந்திய மக்களின் லட்சியம் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அது நிறைவேறியும் விட்டது. பந்தலில் கரகோஷம் எழுந்திருக்கும். ஆனால் அதைச் செய்து முடிக்கும் மார்க்கம் எது, அதற்கு நாள் எது, அதற்காக நாம் இதுவரை சேர்த்து வைத்திருக்கும் பலம் எவ்வளவு என்ற கேள்விகளுக்கு அந்தத் தீர்மானத்தில் விடை இல்லை. அவசரத்தில் உருவாக்கி, யோசனையின்றி நிறைவேற்றிய தீர்மானம் என்ற கருத்துப்பட மகாத்மா காந்தி பின்னர் கண்டித்து எழுதினார். நேருவுக்கு அது வருத்தத்தைத் தந்தது.

அதே மகாசபையை ஒட்டி நடந்த இன்னொரு கூட்டம் அகில இந்திய சங்கீத மாநாடு. அங்கே கூடியவர்கள் கேட்டது மிகச் சிறிய காரியம்: கர்நாடக சங்கீதத்தைப் பேண ஒரு ஸ்தாபனம் வேண்டும். அடுத்த வருஷமே, 1928ஆம் ஆண்டு ஆகஸ்டில், மியூசிக் அகாடமி முறைப்படி தொடங்கப்பட்டது. இன்று மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் மார்கழி மாதம் முழுவதும் சபா சபாவாக ஏறி இறங்கி, கச்சேரியைவிடக் காண்டீனைப் பற்றி அதிகமாகத் தர்க்கம் செய்யும் ரசிகர்கள் அத்தனை பேரும் அந்தச் சிறிய தீர்மானத்தின் வாரிசுகள். சுதந்திரத்தைச் சங்கீதத்தோடு தராசில் வைக்கும் அசட்டுத்தனம் எனக்கு இல்லை. இன்ன ஊரில் இன்ன காரியத்தை இன்னார் செய்வது என்று எல்லை கட்டிய தீர்மானம் முதல் வருஷத்திலேயே காலூன்றிவிட்டது. எல்லையே இல்லாத தீர்மானம் காகிதத்தில் காத்திருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எவ்வளவு காலம் காத்திருந்தது? சரியாக இரண்டு வருஷம். 1928 டிசம்பரில் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ், பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு ஒரு வருஷ கெடு வைத்தது. கெடு தீர்ந்த 1929 டிசம்பர் 31ஆம் தேதி நள்ளிரவில், லாகூரில் ராவி நதிக்கரையில், அதே நேருவின் தலைமையில், அதே பூரண சுதந்திரத்தின் கொடி ஏறிற்று. இம்முறை தீர்மானத்தின் பின்னால் திட்டம் இருந்தது: ஜனவரி 26ஆம் தேதி தேசமெங்கும் பிரதிக்ஞை எடுத்தல், அதன்பின் சட்டமறுப்பு, மார்ச்சில் தண்டி யாத்திரை, ஏப்ரலில் ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்த உப்பு யாத்திரை. உலக சரித்திரத்தில் ஒரு புதுவருஷப் பிரதிக்ஞை இவ்வளவு நன்றாகக் காப்பாற்றப்பட்டதற்கு வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கெடு வைத்துக்கொள்வதில் காந்தியடிகளுக்கு எப்போதுமே ஒரு சாமர்த்தியம் உண்டு. மதுரை மேலமாசி வீதியில் 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி அவர் சட்டையையும் குல்லாவையும் களைந்து அரையாடைக்கு மாறிய வரலாற்றைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சொல்வார்கள். ஆயுள் முழுவதும் இப்படியே இருப்பேன் என்று அவர் அன்று சபதம் செய்யவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அக்டோபர் 31ஆம் தேதி வரையிலாவது இந்த உடையோடு இருப்பது என்பதே அவருடைய அறிவிப்பு: ஆறு வாரத்துக்கும் குறைவான ஒரு விரதம். கெடு வந்தது, போனது, உடை நிலைத்தது.

நாள் குறித்து விரதம் பூணுவது காந்தியடிகள் கண்டுபிடித்ததன்று. நம் வீதியில் நடப்பதுதான். கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டுக்கொள்ளும் ஐயப்ப பக்தரைப் பாருங்கள். நேற்று வரையில் புகையிலும் கோபத்திலும் பேர் போனவர், விடியுமுன் குளித்து, கறுப்பு வேட்டியோடு, செருப்பின்றிப் பெருங்குடி அலுவலகத்துக்கு மின்தூக்கியில் ஏறிப் போகிறார். காண்டீன்காரர் அவருக்கென்று தனியாகச் சாப்பாடு எடுத்து வைக்கிறார். அதிகாரியும் அவரைச் ‘சாமி’ என்றுதான் அழைக்கிறார். அவருடைய சங்கற்பம் கழுத்தில் கண்ணுக்குத் தெரியும்படி தொங்குகிறது. அதை ஊரே காவல் காக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது ஒரு மண்டலத்தில் முடிந்துவிடும் என்பது அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ‘என்றென்றைக்கும்’ என்ற பாரத்தை அவர் தலையில் யாரும் வைப்பதில்லை. இருமுடி மட்டுந்தான். மாலையைக் கழற்றிய மறுநாளே பழைய வழக்கம் திரும்பிவிடுகிறதே என்று கேலி செய்வோர் உண்டு. திரும்பட்டுமே! அத்தனை நாட்கள் விட்டிருக்க முடிந்தது என்ற அனுபவம் அவர் கணக்கில் வரவுதானே?

வைதிக காரியங்களில் சங்கற்பம் செய்துவைக்கும் புரோகிதரும் இதே கட்டுப்பாட்டைத்தான் வேறுவிதமாகச் செய்கிறார். இன்ன யுகம், இன்ன தேசம் என்று தொடங்கி, அறுபது வருஷ வரிசையில் இந்த வருஷத்தின் பெயர், அயனம், ருது, மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் என்று படிப்படியாக இறங்கி வந்து, செய்பவன் நிற்கும் இடத்தையும் வேளையையும் கையில் பிடித்துக் கொடுத்த பிறகுதான், செய்யப்போகும் காரியத்தை வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறார். அவசரக்காரர்கள் இதைச் சுருக்கிக்கொள்ளச் சொல்லி நச்சரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். சுருக்கக் கூடாத பகுதி அதுதான். டிசம்பர் 31ஆம் தேதி இரவு சாந்தோமிலும் அடையாற்றிலும் தேவாலயங்களில் கூடும் கிறிஸ்தவ அன்பர்களிடமும் ஓர் ஒழுங்கைக் காணலாம். வாட்ச் நைட் ஆராதனை நடக்கும் சபைகளில், சென்ற வருஷத்து நன்மைகளை எண்ணி ஸ்தோத்திரமும் சாட்சியும் முதலில். புதுவருஷத்துக்கான வாக்குத்தத்த வசனம் அதற்குப் பிறகு.

மேனாட்டு உளவியல் அறிஞர்கள் இவற்றையெல்லாம் தம் முறையில் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஜெர்மானிய அறிஞர் பீட்டர் கோல்விட்சர், ‘உடற்பயிற்சி செய்வேன்’ என்று பொதுவாக எண்ணுவோரைவிட, ‘இன்ன வேளையில், இன்ன இடத்தில், இன்னது செய்வேன்’ என்று குறித்துக்கொள்வோர் காரியத்தை அதிகம் முடிக்கிறார்கள் என்று காட்டினார். புரோகிதருக்கு இது புதுச் செய்தியாக இராது. அமெரிக்காவில் ஜான் நார்கிராஸும் அவருடைய சகாக்களும் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு புதுவருஷப் பிரதிக்ஞைகளை நகைப்போர் அவசியம் அறிய வேண்டியது: பிரதிக்ஞை செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 46 பேர் ஆறு மாதங்களுக்குப் பிறகும் அதில் நின்றார்கள், மாறவேண்டும் என்ற விருப்பம் இருந்தும் பிரதிக்ஞை செய்துகொள்ளாதவர்களில் அவ்வாறு வெற்றி கண்டவர்கள் நூற்றுக்கு 4 பேரே. லண்டனில் பிலிப்பா லாலி என்ற அறிஞர் 96 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வில், ஒரு புதிய பழக்கம் தன்னியல்பாகப் படிய ஒருவருக்கு 18 நாட்கள் போதுமாயிருந்தன, ஒருவருக்கு 254 நாட்கள் ஆகுமென்று கணக்கு காட்டிற்று. நடு அளவு 66. இடையில் ஒருநாள் தவறியதால் முயற்சி பாழாகிவிடவில்லை என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. ஜனவரி ஒன்பதாம் தேதி ஒரு வேளை தவறியதும், ‘போயிற்று, இனி அடுத்த வருஷம்தான்’ என்று கைகழுவிவிடுவோர் இதைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

பெருங்குடியில் இருந்துகொண்டு கணக்குப் பார்ப்பதைப் பற்றி எழுதிவிட்டு, ஊருக்கு மேற்கே கிடக்கும் பெருங்கணக்கைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதியை மேடாக்கிக்கொண்டு, தேனாம்பேட்டை, அடையாறு முதலிய தென்சென்னை மண்டலங்களின் குப்பை பல பத்தாண்டுகளாக அங்கே கொட்டப்பட்டு வந்திருக்கிறது. கபாலீசுவரர் மாடவீதிகளில் உதிர்ந்த பூவும், தியாகராய நகரின் புடவைக் கடைகளில் பிரித்தெறிந்த பிளாஸ்டிக் உறையும், விருந்து முடிந்த வாழையிலையும் கலந்து கட்டிய மூட்டைகளாய் வந்து சேரும் இடம் அது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசியில் அந்தக் குப்பை மேடு தீப்பற்றி, அணைக்கப் பல நாட்கள் ஆனபோது, சுற்றுவட்டாரத்து வீடுகளில் ஜன்னலைத் திறக்க முடியாமல் இருந்ததை இங்குள்ளவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதே மாதத்தில், அதே சதுப்பு நிலம் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் தலமாகப் பட்டியலில் ஏறியது விசித்திரமான பொருத்தம். பூநாரைகள் வந்திறங்கும் நீர்ப்பரப்பும் புகையும் குப்பையும் ஒரே சதுப்பு நிலத்தின் இரண்டு ஓரங்களில்!

மாநகராட்சி சுமார் 350 கோடி ரூபாய்த் திட்டத்தில் அந்த மேட்டைப் ‘பயோமைனிங்’ முறையில் தோண்டிப் பிரிக்கும் வேலையை எடுத்துக்கொண்டது. பழைய குப்பையைக் கிளறி, உலர்த்தி, சுழலும் சல்லடையில் இட்டு, மண் ஒரு பக்கம், கல் ஒரு பக்கம், துணியும் பிளாஸ்டிக்கும் ஒரு பக்கம் என்று பிரித்து, எரியக்கூடியதைச் சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்புகிறார்கள். வீட்டில் இரண்டு கூடைகளில் பிரித்துப் போட்டிருந்தால் வேண்டியிராத வேலை இது. மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்தே கொடுக்கவேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தெளிவாகச் சொல்லியிருந்தும், காலையில் தெருவில் வண்டி வந்து நிற்கும்போது, தூய்மைப் பணியாளர் ஒரு கையால் மூட்டையைப் பிரித்து மறு கையால் சாம்பார்ச் சோற்றிலிருந்து பால் கவரைப் பொறுக்கி எடுப்பதைப் பார்த்துக்கொண்டே படித்தவர்களாகிய நாம் மாடியேறிப் போகிறோம். ஊருக்கு என்று ஒரு பிரதிக்ஞை செய்துகொள்ள ஆசைப்படுவோர்க்கு இதைவிடக் கைக்கெட்டும் காரியம் தென்சென்னையில் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆகையால், வாசக அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். இந்த டிசம்பர் 31ஆம் தேதி இரவு, பட்டாசுச் சப்தம் ஓய்ந்ததும் பிரதிக்ஞையை எழுத அவசரப்பட வேண்டாம். ஒரு வெள்ளைத்தாளை நடுவில் கோடு கிழித்து, சென்ற வருஷத்துக் காலத்தையும் பணத்தையும் உடம்பையும் உறவையும் எதில் செலவு வைத்தீர்கள், என்ன வரவு வந்தது, யாருக்கு என்ன பாக்கி என்று மனசாட்சிக்கு விரோதமின்றி முதலில் எழுதுங்கள். அந்தப் பாக்கிகளுள் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, வேளையும் இடமும் குறித்து, ஒரு மண்டலத்துக்கு மட்டும் செய்வதாகச் சொல்லுங்கள். வீட்டில் ஒருவர் காதில் விழும்படி சொல்லுங்கள். ஜனவரி முதல் தேதியிலிருந்து எண்ணினால் நாற்பத்தெட்டாம் நாள் பிப்ரவரி 17. டைரியில் அந்தப் பக்கத்தை இன்றே மடித்து வைத்து, அன்று மறுபடியும் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.